கிராபிக் என்றால் பொய்யா, பவி?

ஊருக்கு நாத்தனார், எனக்கு முதல் பிள்ளை மாதிரி இருந்த என் பவிக்குட்டிக்கு,

நாளைக்குப் பத்தரை மணிக்கு உன் கேஸில் நான் சாட்சி சொல்ல வேண்டும். சம்மன் வந்ததிலிருந்து ஒரு வேலையும் ஒழுங்காக ஓடவில்லை. நேற்று எதிர்வீட்டு டீச்சரின் ஜாக்கெட்டுக்கு வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்துத் திரும்பத் தைத்தால் மறுபடியும் அதே பக்கம். நீ இருந்திருந்தால் அதை மாட்டிக்கொண்டு வில்லாபுரம் தெரு முழுக்க நடந்து காட்டியிருப்பாய்.

பயமாக இருக்கிறது பவி. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? டீக்கடையில் தெரியாத முகம் நின்றால் நான் வாசலுக்கே போவதில்லை. தெருவில் பைக் ஒன்று மெதுவாகப் போனால் மிஷினை நிறுத்திவிட்டு, அது திரும்புகிறதா என்று காது கொடுத்துக் கேட்கிறேன். போன வாரம் ஒருத்தர் வாசலில் நின்று, "என்ன மதினி, கோர்ட்டுக்குப் போறீகளாமே, பாத்துப் பத்திரமா போய்ட்டு வாங்க" என்றார். நல்ல வார்த்தைதான். ஆனால் அதற்கு முன் அவரை நான் பார்த்ததே கிடையாது.

உன் அண்ணனிடம் சொன்னேன். "ஒனக்கு எல்லாமே சினிமாவாத்தேன் தெரியும். துணி தைக்கக் குடுக்க வந்தவரா இருக்கும்" என்றது. சொல்லிவிட்டு வாசல் கேட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கி வந்து போட்டது. அதுக்கும் பயம்தான், வாயைத் திறந்து சொல்லாது. உன் அண்ணனைப் பற்றி உனக்குத் தெரியாததா?

ஆனால் இந்தப் பயமெல்லாம் ஒரு பக்கம். என்னை ஒரு வாரம் சோறு இறங்காமல் செய்தது ஒரு இங்கிலீஷ் வார்த்தை. இந்த வீட்டில் இங்கிலீஷுக்கு அர்த்தம் கேட்க உன்னைத் தவிர யார் இருந்தார்கள்? அதனால்தான் இந்தக் கடிதமே.

உன்னை மோதிய டிப்பர் லாரிக்காரர்கள் பெரிய கோர்ட்டுக்குப் போனார்கள். கேஸே பொய், தள்ளுபடி செய்யுங்கள் என்று மனு. அதன் தீர்ப்பு வந்து, உன் சித்தப்பா போனில் யாரோ அனுப்பியிருந்தார்கள். உன் சித்தப்பாவின் இங்கிலீஷ் உனக்குத் தெரியும், பஸ் போர்டு படிக்கிற அளவு. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவிப் படித்தார். நடுவில் ஓரிடத்தில் நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார்.

"என்னத்தா இது, நீ சொன்ன சாட்சிய கிராபிக்ஸுன்னு ஜட்ஜே எழுதிப்புட்டாரு" என்றார்.

இந்த வீட்டில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்? பழக்கிவிட்டவளே நீதானே. டிவியில் கதாநாயகன் பத்து பேரைப் பறக்கவிட்டால், "எல்லாம் கிராபிக்ஸு" என்பாய். சாமி சிலை கண் திறந்தது என்று அத்தை போனில் வீடியோ காட்டினால், "யம்மா, கிராபிக்ஸும்மா, கன்னத்துல போட்டுக்காத" என்பாய். பேரையூரில் எங்கள் கிணற்றில் பார்த்த பாம்பை நான் தென்னைமரம் தண்டி என்று சொன்ன நாளிலிருந்து எனக்கு 'கிராபிக்ஸ் மதினி' என்றே பெயர் வைத்தாய். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிட்டன. அப்போது சிரிப்பாக இருந்தது. இப்போது ஜட்ஜும் என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

"மனுவைத் தள்ளிட்டோம்னுதேன கீழ போட்டிருக்கு?" என்று உன் அண்ணன் கேட்டது. சித்தப்பா, "போட்டிருக்குதான். ஆனா இதையும்ல போட்டிருக்கு" என்றார். அத்தை எழுந்து உள்ளே போனாள். அன்றைக்கு எனக்குப் பரிமாறும்போது உன் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டு குழம்பு ஊற்றினாள்.

அத்தை கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் உன் அலமாரியைத் திறந்தேன். ஒன்றரை வருஷமாக அதை யாரும் தொடக்கூடாது என்பது அத்தையின் உத்தரவு. நீ வாத்தியார் வேலைப் பரீட்சைக்குப் படித்த நோட்டு மேல்தட்டிலேயே இருந்தது. அட்டையில் எண்ணெய்க் கறை. பஜ்ஜி தின்றுகொண்டே படித்தாயா?

வேர்ச்சொல் என்று தலைப்புப் போட்டு நீ எழுதி வைத்திருந்த பக்கங்களில் தேடினேன். இருந்தது. 'கிராப்: கிரேக்கச் சொல். முதலில் கீறு, பிறகு வரை, எழுது' என்று இருந்தது. கீழே, போட்டோகிராப் ஒளியால் எழுதியது, ஆட்டோகிராப் தன் கையால் எழுதியது. அதற்கும் கீழே பச்சை மையில், 'கிராபிக்: எழுதி வைத்தாற்போல, கண்முன்னே நிற்கிற மாதிரி விவரிப்பது. உதாரணம்: மதினியின் பாம்புக் கதை.'

அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடிப்பாவி, எல்லார் முன்னாடியும் என்னைக் கேலி பேசிவிட்டு, தனியாக உட்கார்ந்து என் பெயரை உதாரணமாக எழுதியிருக்கிறாயே. ஒரு வார்த்தை என்னிடம் சொல்லக்கூடாதா?

அப்புறம்தான் மூளை வேலை செய்தது. எழுத்து இல்லாத காலத்தில் அந்த ஊர்க்காரர்கள் கல்லிலோ மண்ணிலோ கீறியிருப்பார்கள். அந்தக் கீறல் படமும் ஆனது, எழுத்தும் ஆனது, ரெண்டுக்கும் ஒரே சொல். நாமும் அப்படித்தானே? கடுதாசியும் எழுதுகிறோம், கண்ணுக்கு மையும் எழுதுகிறோம். படம் தீட்டுவதைக்கூட அந்தக் காலத்தில் எழுதுவது என்றுதானே சொன்னார்கள். கம்ப்யூட்டர் வந்து அதில் பாம்பும் பேயும் வரைய ஆரம்பித்த பிறகு, வரைந்தது என்ற சொல் நம் தெருவில் பொய் என்று ஆகிவிட்டது. ஜட்ஜ் எழுதியது பழைய அர்த்தம். நம் வீட்டில் படித்தது புது அர்த்தம்.

மறுநாள் நம் கேஸை நடத்துகிற சர்க்கார் வக்கீலம்மாவிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அவர் சிரித்துவிட்டார். "தத்ரூபமா சொல்லியிருக்காங்கன்னு பாராட்டியிருக்காரும்மா. இதுக்கா அழுதீங்க?" என்றார். உன் சித்தப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நானும் அப்படித்தேன் இருக்கும்னு நெனச்சேன்" என்கிறார்! விடு.

இத்தோடு முடிந்திருந்தால் நான் ஏன் இந்தக் கடிதம் எழுதப்போகிறேன்? வக்கீலம்மா அன்றைக்கே என் வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினார். நான் போலீஸிடம் சொன்னது. திருவாதவூரில் சடங்கு வீட்டுக்குப் போய்விட்டு நீயும் நானும் ஸ்கூட்டியில் திரும்பியது. வாய்க்கால் வளைவில் டிப்பர் எதிரே ஏறி வந்தது. நான் வயலுக்குள் போய் விழுந்தது. டிப்பர் கொஞ்ச தூரம் போய் நின்றது. டிரைவர் பக்கத்துக் கதவு திறந்து மஞ்சள் சட்டை போட்ட பையன் இறங்கியது. கட்டைவிரலில் பிளாஸ்திரி, ஒரு காதில் கடுக்கன், ஒரு கால் செருப்பு கழன்று ரோட்டில் கிடந்தது. அவன் உன்னைப் பார்த்துவிட்டு, செருப்பைக்கூட எடுக்காமல் ஏறிப் போனது. அப்புறம் ஸ்டேஷனில் நான்தான் ஓட்டினேன் என்று சரணடைந்த நரைத்தலைக்காரர் வேறு ஆள். ஓட்டினது அந்தப் பையன்தான் என்று சொல்ல உலகத்தில் நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

எல்லாம் சரியாக இருந்தது. கடைசிக்கு முன் ஒரு வரி. 'பவித்ரா அம்மா என்று கூவினார்.'

வக்கீலம்மா அங்கே விரலை வைத்தார். "டாக்டர் ரிப்போர்ட்ல கழுத்தெலும்பு முறிஞ்சு அந்த நிமிசமே உசுரு போயிருச்சுன்னு இருக்கு. எதிர்த்தரப்பு இதைத்தான் மொதல்ல புடிப்பாங்க. இது ஒண்ணு பொய்னு ஆயிருச்சுன்னா மஞ்சச் சட்டையும் பொய், பிளாஸ்திரியும் பொய்னு முடிச்சுருவாங்க. நான் ஒண்ணும் சொல்லித் தரமாட்டேன்மா. உங்களுக்குத்தான் தெரியும், கேட்டுச்சா இல்லையான்னு."

நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பவி, நீ கூப்பிடவில்லை. உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை என் ரெண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். "எம்புள்ள எதாச்சும் சொன்னாளாடி? ஒரு வார்த்தை சொன்னாளா?" என்று. அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல யாரால் முடியும்? "அம்மான்னு கூப்பிட்டா அத்தை" என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது. அந்த நேரத்தில்தான் ஏட்டு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அத்தை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். நான் சொல்லச் சொல்ல, "அதையும் சொல்லு, அம்மான்னு கூப்பிட்டதையும் சொல்லு" என்றாள். சொன்னேன். எழுதிக்கொண்டார்.

அப்புறம் துக்கம் கேட்க வந்தவர்களிடம் எல்லாம் அத்தை என்னைச் சொல்லச் சொன்னாள். ஒரு தரம் கூப்பிட்டது ரெண்டு தரம் ஆனது. பிறகு கை நீட்டியதாக ஆனது. இழவு வீட்டில் யாரும் கிராபிக்ஸ் என்று கேலி பண்ண மாட்டார்கள், கேலி பண்ண வேண்டியவளும் இல்லை. சொல்லிச் சொல்லி, இப்போது எனக்கே உன் குரல் கேட்கிறது. அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது. எது அன்றைக்கு என் மேல் கீறினது, எது நானாக வரைந்தது என்று எனக்கே தெரியாமல் போய்விட்டால்? நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல், "இம்புட்டு வெவரமா எப்படிம்மா பாத்தீங்க?" என்று கேட்டால், மஞ்சள் சட்டை உண்மை என்று நான் எதை வைத்துச் சொல்வேன்?

இன்று விடிந்ததிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒன்று பிடிபட்டது. அந்தக் காட்சியில் சத்தமே இல்லை. வயலில் தலைகுப்புற விழுந்ததில் என் ரெண்டு காதிலும் சேறு அடைத்திருந்தது. நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒரு அக்கா ஓடி வந்து முந்தானையால் துடைத்துவிட்ட பிறகுதான் எனக்கு எதுவும் கேட்டது. அந்த மஞ்சள் சட்டைக்காரன் உன்னைப் பார்த்து ஏதோ சொன்னான், வாய் அசைந்தது, சத்தம் இல்லை. டிப்பர் கிளம்பியதுகூடச் சத்தம் இல்லாமல்தான் கிளம்பியது. பார்த்தது எல்லாம் அப்படியே இருக்கிறது பவி, கேட்டது என்று ஒன்றும் இல்லை.

அப்படியென்றால் நாளைக்கு அந்த வரியை நான் இல்லை என்று சொல்ல வேண்டும். அத்தை முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். தன் மகள் கடைசியாகத் தன்னைக் கூப்பிடவே இல்லை என்று ஊர் கூடியிருக்கிற இடத்தில், எதிர்த்தரப்பு வக்கீலின் வாயால் கேட்பாள். ஒன்றரை வருஷமாக அவள் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரே கொம்பு அது. அதை உருவ எனக்கு என்ன உரிமை? உருவாமல் விட்டால் அந்தப் பையன் சிரித்துக்கொண்டே வெளியே போவான். நீ சொல்லு, நான் என்ன செய்ய?

இது வரைக்கும் காலையில் எழுதினது. இப்போது மணி நாலரை.

அத்தையிடம் சொல்லிவிட்டேன்.

மத்தியானம் அவள் அடுப்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். வெங்காயம் உரிக்கும்போது அழுதால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள் என்று ஒரு கோழைத்தனம்.

"அத்தை, பவி கூப்பிடல" என்றேன்.

"என்னது?"

"அன்னைக்கு ரோட்டுல. அம்மான்னு அவ கூப்பிடல. நானாத்தேன் சொன்னேன். எங்காதுல சேறு அத்தை, எனக்கு ஒண்ணுமே கேக்கல. நீங்க கேட்டீக, எனக்கு இல்லன்னு சொல்ல வாய் வரல."

அத்தை கத்தியைக் கீழே வைத்தாள். அறைவாள் என்று நினைத்தேன். பேரையூருக்கு மூட்டையைக் கட்டு என்பாள் என்று நினைத்தேன். முறத்தைத் தள்ளிவிட்டாள், வெங்காயம் அடுப்படி முழுக்க உருண்டது. "ஏண்டி, இம்புட்டு நாளா நீ சொல்லல? நாசமாப் போனவளே, ஏண்டி சொல்லல?" என்று கத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் ஒவ்வொரு வெங்காயமாகப் பொறுக்கினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. உன் அண்ணனுக்குப் போன் போடலாமா என்று நினைத்து, என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்டிருந்ததால் எனக்குப் பயம் வேறு. கதவில் காதை வைத்துக் கேட்டேன். மூச்சுச் சத்தம் கேட்டது, அது போதும் என்று அங்கேயே உட்கார்ந்தேன்.

அரை மணி நேரம் இருக்கும். கதவு திறந்தது. முகம் கழுவியிருந்தாள். என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"அப்ப அவளுக்கு வலிச்சிருக்காதுல்ல?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை. "அத்தை?"

"கூப்பிடலன்னா, அவளுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுல்ல? வலியெல்லாம்?"

"இல்ல அத்தை. டாக்டர் பேப்பர்லயே இருக்கு. அந்த நிமிசமே போயிருச்சாம். ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

அத்தை சுவரில் சாய்ந்துகொண்டாள். மெல்லச் சொன்னாள், நான் குனிந்துதான் கேட்டேன். "ஒன்றரை வருசமா அந்தச் சத்தம் எங்காதுலயே நிக்குதுடி. புள்ள ரோட்டுல கெடந்து என்னையக் கூப்புட்டுருக்கா. நான் இங்க சீரியல் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன். ரெண்டு தரம் கூப்புட்டும் போகலயே, போகலயேன்னு… படுத்தா கேக்குது, தண்ணிக் கொழாயத் தொறந்தா கேக்குது."

கொம்பு என்று நினைத்துக் கொடுத்தேன் பவி. அது முள்ளாக இருந்திருக்கிறது. அதைத்தான் துக்கம் கேட்க வந்த ஒவ்வொருத்தரிடமும் சொல்லச் சொல்லி, அவள் கையாலேயே ஆழமாக இறக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். நானும் கை நீட்டினாள் என்று சேர்த்துச் சொன்னேனே. அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் என் தலையில் கை வைக்கவில்லை, காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை. கோபம் இருக்கும், இருக்கட்டும்.

கொஞ்ச நேரம் கழித்து அங்கேயே, வெறும் தரையில், கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிப்போனாள். அத்தை பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. மிஷின் சத்தம் எழுப்பிவிடும் என்று தையலை எடுத்து வைத்துவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போதுதான் எழுந்தாள். முதல் கேள்வி, "நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்பணும்?"

"நீங்க வர வேணாம் அத்தை" என்றேன்.

"வாரேன். ஆனா உள்ள வரல. நான் பக்கத்துல நின்னா எனக்காக ஒண்ணு சேத்துச் சொல்லிருவ. வெளிய மரத்தடியில ஒக்காந்திருக்கேன். பாத்ததச் சொல்லிட்டு வா."

பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அந்த டிப்பர்காரப் பையனை நாளைக்கு நேருக்கு நேர் பார்க்க வேண்டும். வாசலில் நின்ற அந்த ஆளும் அங்கே இருப்பான். போலீஸில் ஏன் பொய் சொன்னாய் என்று அந்த வக்கீல் என்னைக் கிழிப்பார். கிழிக்கட்டும். ஒரு தாயிடம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, அதனால் சொன்னேன் என்று சொல்வேன். அதனால் மற்றதும் நம்பப்படாமல் போகுமோ என்று கேட்டால், எனக்குத் தெரியாது.

ஆனால் ஒரு சத்தியம் செய்கிறேன் பவி. நாளைக்கும், அதற்குப் பிறகு என் ஆயுசு முழுக்கவும், நீ பேசாத வார்த்தையை உன் வாயில் நான் வைக்க மாட்டேன். மஞ்சள் சட்டை, பிளாஸ்திரி, கடுக்கன், ரோட்டில் கிடந்த ஒற்றைச் செருப்பு. அந்த நாலையும் சொல்லாமல் சாட்சிக் கூண்டை விட்டுக் கீழே இறங்க மாட்டேன். நீ கூப்பிட்டாயா என்று கேட்பார்கள். கூப்பிடவில்லை, கூப்பிட உனக்கு நேரம் கொடுக்கவில்லை அவன் என்று சொல்வேன்.

உன் அம்மாவைப் பார்த்துக்கொள்கிற,
உன் அண்ணன் பெண்டாட்டி,
மதினி முத்துலட்சுமி